டிசம்பர் 25 யாருடைய நாள்?

தினசரி நாட்காட்டியில் டிசம்பர் 25ஆம் தேதித் தாள் சிவப்பு மையில் இருக்கும். கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை. அதற்குக் கீழே மார்கழியின் நாள் கணக்கு, ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் எந்தத் திசை, சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்கு என்று பொடி எழுத்தில் விவரங்கள். காலையில் கைபேசியைத் திறந்தால் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பட்டியல் வரும். நியூட்டன் பிறந்தார், மதன் மோகன் மாளவியா பிறந்தார், ஜின்னா பிறந்தார், வாஜ்பாய் பிறந்தார். ராஜாஜி 1972இல் மறைந்தார், சார்லி சாப்ளின் 1977இல் மறைந்தார். 1991இல் கோர்பச்சேவ் பதவி விலகினார். அமெரிக்கர்களுக்கு இது பூசணிப் பணியார நாளாம்; 'எல்' என்ற ஆங்கில எழுத்தே இல்லாத நாள் என்றும் ஒன்று உண்டாம். நோயல் என்ற கிறிஸ்துமஸ் சொல்லை 'நோ எல்' என்று பிரித்துப் படித்த வேடிக்கை அது. நம் நாட்டில் சில அமைப்புகள் இதே நாளைத் துளசி பூஜை தினம் என்று கொண்டாடச் சொல்கின்றன. ஒன்றிய அரசு 2014 முதல் இதை நல்லாட்சி தினம் என்கிறது.

இத்தனைக்கும் இடம் இருக்கிற அந்தப் பட்டியல்களில் மகாட் பெரும்பாலும் இருப்பதில்லை. கீழ்வெண்மணியும் இருப்பதில்லை. 1927 டிசம்பர் 25 இரவு மகாராஷ்டிரத்தின் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 41 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். ஒரே தேதி, இரண்டு நெருப்பு. இந்த ஒரு தேதியைப் பற்றி மட்டும் இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம். நினைவுரை என்பதே ஒரு தேதியைச் சுற்றி நாம் கூடுகிற ஏற்பாடுதானே.

தேதி இயற்கையில் கிடைக்கிற பொருள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நியூட்டனையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தபோது இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அதன்படி 1642 டிசம்பர் 25. அதே நாள் ஐரோப்பாவின் பல நாடுகளில் 1643 ஜனவரி 4. இங்கிலாந்து 1752இல் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது 11 நாட்கள் காணாமல் போயின. இயேசு பிறந்த தேதியைச் சுவிசேஷங்கள் எதுவும் குறிப்பிடவில்லை. ரோமில் டிசம்பர் 25ஐ அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடியதற்குக் கிடைக்கிற முதல் சான்று கி.பி. 336ஐச் சேர்ந்தது, அதே தேதியில் அங்கே சூரியக் கடவுளுக்கும் விழா இருந்தது. ரஷ்யத் திருச்சபையார் இன்றும் ஜனவரி 7இல்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். ஜின்னாவின் பிறந்தநாள்கூடக் கராச்சிப் பள்ளிப் பதிவேட்டில் 1875 அக்டோபர் என்றிருக்கிறது. 1876 டிசம்பர் 25 என்பது பின்னால் நிலைத்தது.

இதைப் படிக்கும்போது நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். நம் வீடுகளில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போனவர்களுக்குப் பிறந்த தேதி போட்டது தலைமையாசிரியர்தான். ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற கணக்குக்காக, ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள் ஆனார்கள். வெள்ளம் வந்த வருஷம், சித்தப்பா கல்யாணம் நடந்த வருஷம் என்று அம்மாக்கள் வைத்திருந்த கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எமில் துர்க்கைம் 1912இல் வெளிவந்த தன் நூலில், நாட்காட்டி என்பது ஒரு சமூகம் கூடிச் செய்கிற காரியங்களின் தாளத்தைக் காட்டுகிறது, அந்தத் தாளம் தவறாமல் திரும்ப வரவும் செய்கிறது என்கிறார். சமூகவியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே இதைப் படித்துவிடுகிறார்கள். யாருடைய காரியம், யாருடைய தாளம் என்று கேட்கிற பருவம் பாடத்திட்டத்தில் வருவதில்லை.

மகாடுக்கு வருவோம். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை நிறைவேற்றியது: பொதுப்பணத்தில் நடக்கிற குளம், கிணறு, பள்ளி, சத்திரம் எல்லாம் தீண்டப்படாதார்க்கும் திறந்திருக்க வேண்டும். மகாட் நகராட்சி தன் சவதார் குளத்தை 1924இல் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் இருந்தது, குளம் ஆதிக்கச் சாதியாரிடம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி கிளப்பப்பட்டது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களை வழிமறித்து அடித்தார்கள். பிறகு 108 குடம் பஞ்சகவ்யத்தைக் குளத்தில் ஊற்றி மந்திரம் சொல்லி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்த தண்ணீர் சுத்தம். மனிதர் கை பட்ட தண்ணீர் அசுத்தம். ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது.

இந்தச் சாணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தோழர்களே. தஞ்சையில் அது வேறொரு வேலைக்குப் பயன்பட்டது.

டிசம்பரில் இரண்டாவது மாநாடு கூடியது. ஏன் டிசம்பர் கடைசி வாரம்? அந்தக் காலத்து இந்தியாவில் மாநாடுகளின் பருவமே கிறிஸ்துமஸ் வாரம்தான். காங்கிரசின் முதல் கூட்டம் 1885 டிசம்பர் 28இல் தொடங்கியது. பின்னரும் பெரும்பாலான ஆண்டு மாநாடுகள் அதே வாரத்தில் நடந்தன. நம் சென்னைச் சிங்காரவேலர் தலைமை வகித்த கான்பூர்க் கம்யூனிஸ்ட் மாநாடு 1925 டிசம்பர் கடைசி வாரத்தில் நடந்தது. நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் வெள்ளைக்காரன் தன் பண்டிகைக்காக விட்ட விடுமுறையில் இந்திய அரசியல் கூடியது. ஆதிக்கச் சாதிப் பஞ்சாங்கம் தலித்துக்கு எந்த நாளையும் ஒழித்துத் தந்ததில்லை. ஆட்சியாளர் பண்டிகை தெரியாமலே ஒரு வாரத்தைத் தந்தது.

அந்த வாரமும் சும்மா கிடைத்துவிடவில்லை. மகாடுக்காரர்கள் டிசம்பர் 14இல் சிவில் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். மாநாட்டுக்கு இடம் தர இந்துக்கள் யாரும் முன்வரவில்லை. பத்தே கான் என்ற இஸ்லாமியர் தன் நிலத்தைத் தந்தார். பேருந்து முதலாளிகள் மறுத்ததால் அம்பேத்கரும் தோழர்களும் பம்பாயிலிருந்து 'பத்மாவதி' என்ற கப்பலில் தாஸ்காவ் துறைக்கு வந்து அங்கிருந்து நடந்தார்கள். பந்தலில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. அது காந்தியின் படம். ஐந்தே ஆண்டுகளில் பூனாவில் என்ன நடக்கப் போகிறது என்பது அந்தப் பந்தலில் இருந்த யாருக்கும் தெரியாது. அம்பேத்கர் தன் உரையில் அந்தக் கூட்டத்தை 1789இல் வெர்சேயில் கூடிய பிரெஞ்சு தேசிய மன்றத்தோடு ஒப்பிட்டார். தண்ணீர் குடிப்பதற்காக மட்டும் நாம் வரவில்லை, சமத்துவத்தை நாட்ட வந்திருக்கிறோம் என்பதே அந்த உரையின் சாரம்.

மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் கங்காதர் நீலகண்ட சஹஸ்ரபுத்தே. பிறப்பால் பார்ப்பனர். வழிமொழிந்தவர் பி.என். ராஜ்போஜ், தலித் தலைவர். இரவு ஒன்பது மணிக்குச் சின்னதாகக் குழி வெட்டி, சந்தனக் கட்டை அடுக்கி, சடங்கு போலவே செய்தார்கள். வேள்வி வடிவத்தை எடுத்து வேதியரின் சட்டத்தையே அதில் போட்டார்கள். இன்றைக்குச் சுவரொட்டியில் இதை ஒரு கோபக் காட்சியாக மட்டும் வரைகிறோம். கோபம் இருந்தது. ஆனால் அந்த மாநாட்டின் முதல் வேலை உரிமைப் பிரகடனம் இயற்றுவது. பிறப்பால் எல்லோரும் ஒரே தகுதியுடையவர்கள், சாகும் வரையில் அப்படியே இருப்பவர்கள் என்று தொடங்கும் தீர்மானம் அது. பழைய சட்டத்தை எரித்தவர்கள் புதிய சட்டத்தை எழுதி முடித்த பிறகே எரித்தார்கள். எரிப்பு மட்டும் நம் நினைவில் தங்கி, எழுதியது நழுவிப் போனது நமக்கு இழப்பு.

குளத்துக்கு அவர்கள் அந்த முறை இறங்கவில்லை. நீதிமன்றத் தடையை மதித்து, குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போனார்கள். வந்திருந்த மக்களுக்கு ஏமாற்றம் இருந்தது. சிலர் சிறை போகவும் தயாராக வந்திருந்தார்கள். வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தலித்துகள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எழுதிய புரூம்ஃபீல்ட், 1922இல் காந்திக்கு ஆறாண்டுத் தண்டனை தந்த அதே நீதிபதி. தீண்டப்படாதாரை விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருந்ததாக வாதிகள் நிரூபிக்கவில்லை என்பது தீர்ப்பின் மையம். சமத்துவம் பற்றி அது பெரிதாகப் பேசவில்லை, சான்று பற்றிப் பேசியது. அதுவும் வெற்றிதான். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாநாட்டின் இன்னொரு பகுதி பெண்களைப் பற்றியது. தமிழில் அதிகம் பேசப்படாதது. மாநாட்டின் முடிவில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டாதீர்கள், கனத்த மட்ட உலோக நகைகளைக் கழற்றுங்கள், மகள்களைப் படிக்க வையுங்கள் என்றார். பெண்கள் உடனே சேலைக்கட்டை மாற்றிக்கொண்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. இந்த நினைவிலிருந்துதான் 1990களில் மகாராஷ்டிரத் தலித் பெண்கள் டிசம்பர் 25ஐ இந்தியப் பெண் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். மனுஸ்மிருதி பெண்ணைத் தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் அடங்கியவளாக வைத்த நூல். அதை எரித்த நாள் எல்லாச் சாதிப் பெண்களின் நாள் என்பது அவர்கள் வாதம். மார்ச் 8 இங்கே பெரிய விழாவாக நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் பல்கலைக்கழகப் பெண்ணியக் கருத்தரங்கு எதிலாவது டிசம்பர் 25 பேசப்பட்டதுண்டா? ஆதிக்கச் சாதிப் பெண்ணியம் இந்தத் தேதியை ஏற்கத் தயங்கியதன் காரணத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

இப்போது தஞ்சைக்கு வருவோம். காவிரியின் கடைமடை. பண்ணையாள் முறையில் குடும்பம் குடும்பமாகத் தலித்துகள் மிராசுதாருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். வேலைக்குத் தாமதமாக வந்தால் சாட்டையடி. அதற்கு மேல் தண்டனை என்றால் சாணிப்பால். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயால் வாயில் ஊற்றுவார்கள். மகாடில் குளத்தைத் தூய்மையாக்க ஊற்றப்பட்ட அதே சாணம், இங்கே மனிதனை இழிவுபடுத்த அவன் தொண்டையில் ஊற்றப்பட்டது. மாட்டுச் சாணம் தன்னளவில் புனிதமும் இல்லை, இழிவும் இல்லை. யார் கையில் குடம் இருக்கிறது, யார் வாய் திறக்கப்படுகிறது என்பதில்தான் அதன் பொருள் இருந்தது. மனுஸ்மிருதியைப் படித்திராத மிராசுதாருக்கும் அதன் நடைமுறை தெரிந்திருந்தது.

கன்னட நாட்டில் பிறந்த கம்யூனிஸ்ட் பி. சீனிவாசராவ் 1943இல் இந்தப் பகுதிக்கு வந்து சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. கூடவே முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கியது, பெண்கள் ரவிக்கை போட்டார்கள். செங்கொடி ஏறிய சேரியில் முதலில் மாறியது உடம்பின் நிமிர்வு. கூலி அதற்குப் பிறகு வந்த கேள்வி.

1952 ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் ராஜாஜி. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர், கம்யூனிஸ்டுகள் கட்டிய போராட்டத்தின் அழுத்தத்தில் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். டிசம்பர் 25இல் மறைந்தவர் என்பதால் அவரையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவர் ஒருவர். சாதி இந்துக்கள் தரப்பில் முதன்மையாகக் கையெழுத்திட்டவர் மாளவியா, இன்னொரு டிசம்பர் 25காரர். தனித்தொகுதியும் இரட்டை வாக்கும் போய், 71 இடங்களுக்குப் பதில் 148 இடங்கள் கூட்டுத் தொகுதியில் வந்தன. எண்ணிக்கை கூடியது, தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. அதே ஒப்பந்தத்தில் ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். அந்த எம்.சி. ராஜா 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தபோது, முதல்வராக இருந்த ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. மறு ஆண்டு மதுரை ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு தன் அரசின் பெயரில் சட்டம் கொண்டுவந்தார். 1953இல் குலக்கல்வித் திட்டம். 2014இல் மாளவியாவுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோது, வெளிவந்த புகழுரைகளில் பூனா ஒப்பந்தம் ஒரு வரி. ஜின்னா அழைப்பு விடுத்த 1939 டிசம்பர் 22 விடுதலை நாளை அம்பேத்கர் ஆதரித்ததைப் பற்றி அந்த வரிகூட இல்லை. பிறந்தநாள் பட்டியல் இப்படித்தான் வேலை செய்கிறது: பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் நமக்கு என்ன செய்தது என்பதை உதிர்த்துவிடும்.

1960களில் தஞ்சை தீவிர வேளாண்மைத் திட்ட மாவட்டம் ஆனது. புதிய விதை, உரம், இயந்திரம் வந்தன. விளைச்சல் ஏறியது. ஏறியதில் பங்கு கேட்டார்கள் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் அதிகம். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கக் கொடியை ஏற்று என்று வற்புறுத்தினார்கள். கீழ்வெண்மணிச் சேரி மறுத்தது. அன்று மாலை ஏற்பட்ட மோதலில் மிராசுதார் தரப்பின் பக்கிரிசாமி கொல்லப்பட்டார். இரவு பத்து மணி வாக்கில் அடியாட்கள் துப்பாக்கியோடு சேரியைச் சூழ்ந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள், அதாவது வயதானவர்கள், பெண்கள், குழந்தைகள், தெருக்கடைசியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். வெளியே கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். வெளியே வீசப்பட்ட குழந்தையைத் திரும்ப நெருப்புக்குள் போட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேலே விவரிக்க வேண்டாம்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுத் தண்டனை தந்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. பக்கிரிசாமி கொலை வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள். மகாட் வழக்கில் ஆதிக்கச் சாதியாரிடம் நீதிமன்றம் சான்று கேட்டது. வெண்மணி வழக்கில் அவர்களிடம் கார் இருந்ததே சான்று ஆயிற்று. முன்னது காலனிய நீதிமன்றம், பின்னது குடியரசின் நீதிமன்றம். இதை வைத்துக் காலனியத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நாம் அந்தப் பக்கம் போகவில்லை. அரசியல் சட்டம் எழுதி முடித்த நாட்டில் மனுவின் பழக்கம் நீதிபதியின் நம்பிக்கைக்குள் ஒளிந்து பிழைத்திருந்தது என்று மட்டும் சொல்கிறோம். கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டார்.

வெண்மணியை எழுதியவர்களும் தடுமாறினார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மிராசுதாரின் கொடூரத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கியது அந்த நாவல். நிலமும் சாதியும் சேர்ந்து செய்ததை ஒருவனின் உடற்குறையாகச் சுருக்குவது எங்களுக்கு இன்றும் உடன்பாடில்லை. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அந்த மண்ணுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படம் உயிரோடிருந்தவர்களின் குரலைப் பதிவு செய்தது. மாணவர்கள் நாவலுக்கு முன் அதைப் பார்ப்பது நல்லது.

இடதுசாரிகள் 44 பேரை விவசாயத் தொழிலாளர் தியாகிகள் என்றார்கள். அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்த தலித் இயக்கம், எரிந்தவர்கள் அத்தனை பேரும் தலித்துகள், இது சாதிப் படுகொலை என்றது. முப்பது ஆண்டுகளாக இந்த விவாதம் மேடைகளில் நடக்கிறது. எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அரைப்படி நெல் கேட்டது வர்க்கக் கோரிக்கை. அதைக் கேட்டவன் பறையனாக இருந்ததால்தான் அது தாங்க முடியாத திமிராகத் தெரிந்தது. கூலி தகராறு உலகமெங்கும் உண்டு; கூலி கேட்டவர்களின் குழந்தைகளை எரிப்பதற்கு, அந்தக் குழந்தைகள் மனிதக் கணக்கில் வராதவர்கள் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை எந்த நூல் தந்தது என்று மகாடில் 41 ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் காட்டியாகிவிட்டது. அதேசமயம், சேரிக்குள் வந்து சாணிப்பாலை நிறுத்தியது செங்கொடிதான். அந்தக் கொடியை இறக்க மறுத்ததற்காக இறந்தவர்களிடமிருந்து இன்று நாம் அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. வெண்மணிக்கு முன்பே சோழநாட்டுத் தலித்துக்கு ஒரு நெருப்புக் கதை உண்டு. ஆதனூர் நந்தன் தில்லைக்குள் போக நெருப்பில் இறங்கிப் பார்ப்பன முனிவராக எழுந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதைக்குள் பண்ணை ஆண்டையைக் கொண்டுவந்தார். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக நந்தன் ஆண்டையிடம் விடுப்புக் கேட்டு நிற்கிறான், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறான் ஆண்டை. பாரதியார் பிறந்தது நாகைப் பக்கத்து நரிமணம். பண்ணையைப் பார்க்காமல் அவரால் அதை எழுதியிருக்க முடியாது. மார்கழியில் சபாக்கள் இதைப் பாடுகின்றன. தலித் நெருப்பில் இறங்கினால் மேன்மை அடைவான் என்று பாடிப் பாடிப் பழகிய ஒரு நாட்டில், அதே மார்கழி இரவில் 44 பேர் எரிந்தார்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை, காரணம் என்று நிரூபிக்கவும் முடியாது.

கிறிஸ்துமஸைப் பற்றியும் ஒரு சொல். நம்மில் பலர் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி மதம் மாறிய தலித்துக்கு அட்டவணைச் சாதித் தகுதி இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திறந்தது, கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்னும் திறக்கவில்லை. டிசம்பர் 25 காலையில் தேவாலயத்துக்குப் போகிற தலித்துக்குத் தமிழ்நாட்டில் சில ஊர்களில் தனிக் கல்லறையும் காத்திருக்கிறது. மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரின் பிறந்தநாளை இந்தத் தேதியிலிருந்து தள்ளிவைத்துவிட்டு மகாடையும் வெண்மணியையும் பேசலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எதற்காகத் தள்ள வேண்டும்? சேரியில் நட்சத்திரம் தொங்கும் வீட்டிலிருந்தே வெண்மணிக்குப் பேருந்து ஏறலாம்.

நம் நாட்காட்டியில் இப்படி நாட்கள் நிறைய. ஜனவரி 1 பீமா கோரேகான். ஜூன் 30 மேலவளவு. ஜூலை 23 தாமிரபரணி. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன். டிசம்பர் 6 அண்ணலின் நினைவு நாள். அதே தேதியில்தான் 1992இல் பாபர் மசூதியை இடித்தார்கள். பெரும்பாலும் சாவு நாட்கள். வெண்மணியின் 44 பேரில் அநேகமாக எல்லோருக்கும் நமக்குத் தெரிந்த தேதி அந்த ஒன்றுதான். பிறந்த தேதி கிடையாது. வரலாற்றில் இன்று யார் பிறந்தார் என்று கேட்கிற பட்டியலுக்குள் அவர்கள் நுழையவே முடியாது.

படுகொலைக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் தமிழ்நாடு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல்லுக்கு மேலேயே கிடைத்தது. ஜெகநாதனும் கிருஷ்ணம்மாளும் அந்தப் பகுதியிலேயே தங்கி, பின்னர் 1981இல் உழவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலத்தைத் தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். மகாடில் பெண்களிடம் பேசப்பட்டதற்கும் பட்டாவில் பெண் பெயர் ஏறியதற்கும் இடையே உள்ள தொலைவை ஆய்வு மாணவர்கள் யாராவது எழுத வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தகுந்த தலைப்பு.

வெண்மணிக்கு ஒவ்வோர் ஆண்டும் கட்சிகள் போகின்றன. கொடியேற்றுகிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள், தலைவர்கள் பேசுகிறார்கள், வேன்கள் திரும்புகின்றன. அதைக் கேலி செய்ய நாங்கள் முற்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தேதியைத் தவறவிடாமல் வைத்திருப்பது சின்னக் காரியம் இல்லை. வருகிற டிசம்பர் 25க்கு நம் அரங்கின் சார்பில் இரண்டு காரியங்கள் செய்யலாம் என்று முன்வைக்கிறோம். மாலையில் மகாட் மாநாட்டின் உரிமைப் பிரகடனத்தைத் தமிழில் வாசிப்பது, அதைப் பெண்கள் வாசிப்பது. இரவு பத்து மணிக்கு, சொற்பொழிவு எதுவும் இல்லாமல், நினைவுச் சின்னத்தில் இருக்கிற 44 பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிப்பது. நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடம் ஆகாது. குழந்தைகளின் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம், அதற்கும் சேர்த்துத்தான் பத்து நிமிடம்.